குழந்தைகள் அளந்த கிணற்று நீர்க் கணக்கை ஊரில் வெளியிடலாமா?

திண்ணைப்பள்ளி எழுதியது:

வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது சென்னிமலைக்கும் நொய்யலுக்கும் இடையில் இருக்கும் சிற்றூர். வடக்கே கீழ்பவானி வாய்க்கால், தெற்கே இறங்கினால் ஆறு, ஆற்றோடு போனால் ஒரத்துப்பாளையம் அணை. நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி வந்த பிறகு வேலைக்குப் போகவில்லை, வீட்டில் ஓடும் இரண்டு தறியைப் பார்த்துக்கொள்கிறேன். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அப்போது பழகிய பிள்ளைகள் இன்னும் சனி, ஞாயிறு எங்கள் திண்ணைக்கு வருகிறார்கள். மொத்தம் பதினோரு பேர், ஆறாவது முதல் ஒன்பதாவது வரை.

போன ஆடியில் ஏழாவது படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, எங்க வீட்டுத் தண்ணியில சோப்பு நல்லா நுரைக்குது. ஆத்தோரத்துல எங்க அம்மிச்சி சாளையில எவ்வளவு தேய்ச்சாலும் நுரை வர்றதில்ல. ரெண்டுக்கும் சோப்பு ஒண்ணுதான். ஏன்?” கடின நீர், கால்சியம், மக்னீசியம் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, “அடுத்த வாரம் ரெண்டு தண்ணியையும் பாட்டில்ல பிடிச்சிட்டு வா” என்றேன்.

சோப்பைச் சீவி, பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சில் எடுத்து, ஒரே அளவு பாட்டில்களில் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினோம். நுரை ஒரு நிமிடம் கலையாமல் நிற்க எத்தனை சொட்டு என்று எண்ணினார்கள். குழாயில் வரும் காவிரித் தண்ணீருக்கு 9 சொட்டு. அம்மிச்சி தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு 60 சொட்டு தாண்டியும் பால் திரிந்த மாதிரி வெள்ளையாக மிதந்ததே தவிர நுரை நிற்கவில்லை. அதைப் பார்த்த பிறகு அந்தத் திண்ணையில் யாரும் சும்மா உட்காரவில்லை. ஒவ்வொருவருக்கும் தங்கள் வீட்டுத் தண்ணீரை அளக்க வேண்டும்.

அப்படித் தொடங்கியது. இப்போது 23 இடங்களின் கணக்கு எங்களிடம் இருக்கிறது: 9 கிணறு, 11 போர், 3 பொதுக்குழாய். ஆடியில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து தையில் ஒரு முறை. பழைய காலண்டர் தாள்களை ஒட்டிப் பின்பக்கத்தில் ஊர் வரைபடம் போட்டிருக்கிறார்கள். எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் தென்னை மரங்களைக்கூட விடாமல் வரைந்திருக்கிறான். தையில் அளந்தபோது திறந்த கிணறுகளில் உப்பு குறைந்திருந்தது, ஆழ்துளைக் கிணறுகளில் பெரிய மாற்றம் இல்லை. “மழை கிணத்துக்குள்ள போயிருக்கு, போருக்குள்ள இன்னும் போகல” என்று ஆறாவது படிக்கும் குட்டி சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

என்னிடம் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது கருவி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்று ஒரு பையனின் மாமா கொடுத்தது, அவர் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்கிறவர். இன்னொன்று நான் இணையத்தில் வாங்கியது. (மாமா மீட்டர் ஆயிரத்தைத் தாண்டினால், 1410-ஐத் திரையில் 141 என்று காட்டி, ஓரத்தில் பொடியாகப் பத்துப் பெருக்கல் குறி போடுகிறது. முதல் நாள் அதைக் கவனிக்காமல், ஊரிலேயே நல்ல தண்ணீர் இதுதான் என்று பிள்ளைகள் குதித்தார்கள்.) சிக்கல் என்னவென்றால், ஒரே டம்ளர் தண்ணீரில் மாமாவின் மீட்டர் 1410 காட்டுகிறது, என்னுடையது 1010 காட்டுகிறது. எல்லாத் தண்ணீரிலும் இதே கதை. இதுவரை மாமா மீட்டரின் எண்ணைத்தான் எழுதியிருக்கிறோம். எது பழுது?

இரண்டாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தின கிராம சபையில் வரைபடத்தை மாட்டி, தாங்களே பேச வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். 23 இடங்களில் மிக அதிக எண் வந்தது ஆற்றோரத் தோட்டம் ஒன்றின் கிணற்றில், 4200. அந்தத் தோட்டத்துக்காரர் என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறை, எனக்கு மாமா. பிள்ளைகள் போனபோது இளநீர் வெட்டிக் கொடுத்து, மோட்டார் போட்டு, தண்ணீர் பிடிக்கச் சொன்னவர். போன வாரம் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்: “கண்ணு, நோட்டுல எழுதுனது நோட்டுலயே இருக்கட்டும். பாதி நிலத்தைக் குடுக்கலாம்னு பேச்சு நடக்குது. கெணறு கெட்டுப்போச்சுன்னு ஊர்ச் சபையில படம் மாட்டுனா எவன் வாங்குவான்?”

அவர் சொன்னதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. அந்த மண்ணும் தண்ணீரும் கெட்டதில் அவர் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் சோப்புக் கேள்வி கேட்ட அதே பெண் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும், “அப்ப எதுக்குக்கா அளந்தோம்?” என்றாள்.

அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பள்ளிக் கண்காட்சிக்கு காகிதக் கூழில் எரிமலை செய்து சோடா உப்பும் வினிகரும் ஊற்றுவது எளிது, யாருக்கும் மனவருத்தம் வராது. ஆனால் இந்தப் பிள்ளைகள் முதல் தடவையாகத் தங்கள் ஊரைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2022 கணக்குப்படி உலகத்தில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் கிடைக்கவில்லை என்று பாடம் நடத்தும்போது கொட்டாவி விட்டவர்கள், 23 கிணற்றுக்காக வெயிலில் அலைகிறார்கள். அதை மூடி வை என்று எப்படிச் சொல்வேன்? இப்படிப்பட்ட வேலை செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.


மேட்டாங்காடு எழுதியது:

அம்மிணி, நான் அரச்சலூர்ப் பக்கம் விவசாயம். அறுபது தாண்டிவிட்டது. உங்கள் மாமா சொன்னதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் என் தங்கையைக் கொடுத்திருப்பது ஆற்றோரத்தில்தான்.

அணை 1992-ல் கட்டினார்கள். பாசனத்துக்கு என்று கட்டியதில் திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் தேங்கியது. மஞ்சளும் நெல்லும் விளைந்த காடு தென்னை மட்டும் நிற்கும் காடாக ஆனது. வழக்குப் போட்டு அலைந்தவர்கள் பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு இல்லை. அந்தக் காலத்தில் அதிகாரிகள் வருவார்கள், பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். தண்ணீர் என்ன ஆயிற்று என்று தோட்டத்துக்காரனுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வராது. எங்கள் கிணற்றைப் பற்றி எங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பிள்ளைகளும் அதே வேலையைச் செய்துவிடக் கூடாது. 23 பேரில் எத்தனை பேருக்கு அவரவர் கணக்கை எழுதிக் கொடுத்தீர்கள்? நீங்கள் எழுதியதில் அது இல்லை. கொடுக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதலில் அதைச் செய்யுங்கள். சபைக்கு முன்னால், ஒவ்வொரு தோட்டத்துக்கும் பிள்ளைகளே போய், ஒரு அட்டையில் உங்கள் கிணறு இன்ன தேதி இன்ன அளவு என்று எழுதிக் கையில் கொடுக்கட்டும். அதோடு ஒரு கேள்வியும் கேட்கட்டும்: “இந்தத் தண்ணி எப்ப இருந்து இப்படிங்க?” உங்கள் மீட்டர் இன்றைய உப்பை மட்டும்தான் காட்டும். எந்த வருஷம் மஞ்சள் கருகியது, எந்த வருஷம் மாடு தொட்டித் தண்ணீரில் வாய் வைக்கவில்லை என்பதெல்லாம் கிழவர்கள் தலைக்குள் இருக்கிறது. எங்களோடு அது போய்விடும். பிள்ளைகள் எழுதி வைத்தால் புண்ணியமாகப் போகும்.

பேர் போட வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் பேர் போடாதீர்கள். அது அவர் கிணறு.


சோதனைக்குழாய் எழுதியது:

வணக்கம். ஒரு தண்ணீர் ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மீட்டர் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் இரண்டு மீட்டரும் பழுதில்லை. டி.டி.எஸ். மீட்டர் உப்பை அளப்பதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, “உப்பு இவ்வளவு இருக்கலாம்” என்று காட்டுகிறது. சில கம்பெனி 0.5-ஆல் பெருக்கும், சில கம்பெனி 0.7-ஆல் பெருக்கும். 1410-ஐ 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள், 1010-ஐ 0.5-ஆல் வகுத்துப் பாருங்கள். இரண்டும் 2000 பக்கத்தில் வந்து நிற்கும். அதுதான் உங்கள் மீட்டர்கள் உண்மையில் பார்த்த மின்கடத்துதிறன், மைக்ரோசீமென்ஸ் கணக்கில்.

நான் சொன்னேன் என்று நம்பாமல் பிள்ளைகளே சோதிக்கட்டும். நகைக்கடைத் தராசில் 1 கிராம் உப்பு நிறுத்து வாங்கி, ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீரில் கரையுங்கள். உங்களுடையது ஏறக்குறைய 1000 காட்டும், மாமாவுடையது 1400 பக்கம் காட்டும். வேறு மாதிரிக் காட்டினால் அப்போது பழுது என்று சொல்லுங்கள். ஒரு கருவியை நம்பலாமா என்று தாங்களே கண்டுபிடித்த பிள்ளை, பிறகு எந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதாது.

ஆக, சபையில் 4200 என்று மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். யாராவது வேறு மீட்டரைக் கொண்டுவந்து விட்டு, 3000 காட்டுகிறதே, பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்றிருப்பார். எல்லாவற்றையும் மின்கடத்துதிறனுக்கு மாற்றி எழுதுங்கள். அந்தக் கிணறு 6000 மைக்ரோசீமென்ஸ். மண் பரிசோதனை நிலையத்துக்காரர்கள் எழுதும் டெசிசீமென்ஸ் கணக்கில் 6.

6 என்பது பாசனத்துக்கு அதிகம்தான். எஃப்.ஏ.ஓ. (ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு) அளவுகோலில் 3-க்கு மேல் போனாலே கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே அளவுகோலில் 5 முதல் 8 வரை மாடு ஆடுகளுக்குக் கொடுக்கலாம், பழகாத மாட்டுக்குக் கொஞ்ச நாள் கழிச்சல் வரலாம், கோழிக்கு மட்டும் ஆகாது என்று இருக்கிறது. கிணறு கெட்டுப்போச்சு என்ற ஒற்றை வார்த்தைக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். குடிநீருக்கு நம் நாட்டுத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. அந்தக் கிணற்றை யாரும் குடிக்கவில்லை என்றால் இந்த எண்ணை அதன்மேல் சாற்ற வேண்டியதில்லை.

தண்ணீர் பிடிக்கும் விதமும் முக்கியம். மோட்டார் போட்டவுடன் வருவது குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர். பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். 2015-ல் அமெரிக்காவில் ஃபிளின்ட் என்ற ஊரில் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்திருந்தது வெளியே வந்ததே, அங்கே தண்ணீர் பிடித்தது விஞ்ஞானிகள் இல்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சுமார் 300 பெட்டிகளை அனுப்பியது, வீட்டு மக்களே பிடித்து அனுப்பினார்கள். முதல் பாட்டில் குழாயைத் திறந்தவுடன், அடுத்தது 45 விநாடி ஓடவிட்டு, மூன்றாவது இரண்டு நிமிடம் ஓடவிட்டு என்று எல்லா வீட்டிலும் ஒரே முறை. சாதாரண மக்கள் பிடித்த தண்ணீர் என்று தள்ள முடியாமல் போனதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சாயக்கழிவால்தான் இந்த உப்பு என்று வரைபடத்தில் எழுதாதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், சாயம் ஏற்றச் சாதாரண உப்பும் சோடியம் சல்பேட்டும் ஏராளமாகத் தேவை. ஆனால் நம் பக்கம் பாறை நிலம், சில இடங்களில் நிலத்தடி நீர் தானாகவே உப்பு. உங்கள் மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பதிலாக ஒரு கோட்டுப்படம் போடச் சொல்லுங்கள். கீழே ஆற்றிலிருந்து எத்தனை மீட்டர், பக்கவாட்டில் மின்கடத்துதிறன். 23 புள்ளிகள். கைபேசி வரைபடத்திலேயே தூரம் அளந்துவிடலாம். புள்ளிகள் ஆற்றை நோக்கி ஏறினால் சபையே பார்த்துப் புரிந்துகொள்ளும். அதில் யார் பேரும் வேண்டாம், எந்தத் தோட்டமும் வேண்டாம். குளோரைடு எவ்வளவு என்று தெரிந்தால் படம் இன்னும் தெளிவாகும். அதைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம், நான்கு பாட்டில் போதும்.


கோபி வாத்தியார் எழுதியது:

தங்கச்சி, நல்ல காரியம் செய்கிறீர்கள். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு இந்த ஆய்வைக் கட்டாயம் கொண்டுபோங்கள். 1993 முதல் நடக்கிறது, 10 வயதிலிருந்து 17 வயது வரை சேரலாம், தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்துக்காரர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள். நான் பிள்ளைகளைக் கூட்டிப்போன இரண்டு முறையும் நடுவர் முதலில் புரட்டியது கைக்குறிப்பு நோட்டைத்தான். அடித்தல் திருத்தலோடு இருக்கும் நோட்டை அப்படியே கொடுங்கள். அழகாக எடுத்தெழுத விடாதீர்கள். அந்த 141-ஐயும் அழிக்க வேண்டாம்.

என் அனுபவம் ஒன்று. எங்கள் பிள்ளைகள் கிருமி சோதிக்கும் குப்பிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்பார்கள். தண்ணீரைக் கோடு வரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவோடு சேர்ந்து வரும் கிருமிகள் இருந்தால் கறுத்துவிடும். மேல்நிலைத் தொட்டியைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டோம். தொட்டித் தண்ணீர் கறுக்கவில்லை, தெருக்குழாயும் கறுக்கவில்லை. ஆனால் வீட்டுக் குடத்திலிருந்து எடுத்த பன்னிரண்டு குப்பிகளில் ஏழு கறுத்துப்போயின. டம்ளரைக் கையோடு குடத்துக்குள் விட்டு மொள்கிறோம் இல்லையா, அதுதான். பிள்ளைகள் இரண்டு நாள் பேசவே இல்லை, ஒவ்வொருத்தரும் அவரவர் அம்மாவை நினைத்துக்கொண்டார்கள். கடைசியில் ஏழு வீடு எது என்று யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் நீளக் கைப்பிடி வைத்த மொள்ளி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மறு மாதம் பார்த்தபோது இரண்டு மட்டும் கறுத்தது. (கறுத்த குப்பியைப் பிள்ளைகள் திறக்கக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி வைத்து, பெரியவர்களே அப்புறப்படுத்த வேண்டும்.)

உங்கள் மாணவியின் கேள்விக்கு நான் ஒரு வழி பார்க்கிறேன். அளந்த பிறகு எதையாவது மாற்றி, மறுபடி அளக்க வேண்டும். உங்கள் ஊரில் ஒரு கூரை மழைநீரை ஒரு கிணற்றுக்குள் இறக்கிப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். கணக்கை ஆறாவது பிள்ளையே போடும்.


பழைய மாணவி எழுதியது:

அக்கா, நான் திருப்பூர். இப்போது கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி பட்டறைகளை மூடியபோது நான் முதல் வகுப்பு. வீட்டில் அடுப்பு எரியாத நாள்கள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வகுப்பில் நொய்யல் பாடம் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன், நாங்கள்தான் கெடுத்தோம் என்பது போல இருக்கும். உங்கள் பதினோரு பேரில் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். வரைபடத்தைக் காட்டிப் பேசும்போது அந்தப் பிள்ளையையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையும் அவர்களிடம் சொல்லுங்கள். இப்போது சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வைத்து வடிகட்டி, மீதியைக் கொதிக்க வைத்து ஆவியாக்கித் தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். ஒரு பகுதி உப்பு மறுபடி சாயத்துக்கே போகிறது. ஆனால் கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது இன்னும் தீராத கேள்வி, நம் ஊரில் மட்டும் இல்லை. நான் இந்தப் படிப்பை எடுத்ததே அதனால்தான்.


திண்ணைப்பள்ளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

மேட்டாங்காட்டு ஐயா, நீங்கள் நினைத்தது சரி. ஒருவருக்குக்கூடக் கணக்கை எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, 23 அட்டை எழுதி, பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகப் போய்க் கொடுத்தார்கள். அதற்கு முன் உப்புக் கரைசல் சோதனை செய்தோம். என் மீட்டர் 990, பையனின் மாமா கொடுத்தது 1390. ஆறாவது குட்டி தானாகவே வகுத்துப் பார்த்து, ரெண்டும் ஒண்ணுதான் என்று கத்தினாள். பழைய எண்களை எல்லாம் மாற்றி எழுத ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. 141 அப்படியே இருக்கிறது வாத்தியாரே, மேலே ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஆற்றோரத் தோட்டத்துக்கு நானும் போனேன். மாமா அட்டையை வாங்கி, கண்ணாடி போட்டு, இரண்டு தடவை படித்தார். சோதனைக்குழாய் அம்மா எழுதிய மாட்டுக் கணக்கையும் கோழிக் கணக்கையும் சோப்புக் கேள்விப் பெண் அவருக்குச் சொன்னாள். கோழிக்கு ஆகாது என்றதும் நிமிர்ந்து பார்த்தார். போன வருடம் வாங்கிவிட்ட கோழிக் குஞ்சுகள் தங்கவில்லையாம், சீக்கு என்று நினைத்திருக்கிறார். தண்ணீர்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இப்போது கோழிக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் வைக்கிறார். அப்புறம் “எப்ப இருந்துங்க தாத்தா இப்படி?” என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எந்த வரப்பு வரை மஞ்சள் போட்டார்கள், எந்த ஆண்டு கரும்பு வெளிறியது என்று நடந்து காட்டிக்கொண்டே போனார். அவள் எழுதினாள், கை வலித்தபோது பையன் வாங்கி எழுதினான்.

கிளம்பும்போது அவரே சொன்னார்: “எண்ணை எழுதிக்குங்க. எம் பேரும் தோட்டமும் வேண்டாம்.”

கிராம சபையில் வரைபடம் மாட்டவில்லை, கோட்டுப்படம் மட்டும் மாட்டினோம். 23 புள்ளிகளில் 19 ஆற்றை நோக்கி ஏறுகின்றன. நான்கு மட்டும் ஒட்டாமல் தனியே நிற்கின்றன, அவற்றில் மூன்று ஆழமான போர். ஏன் என்று ஒருவர் கேட்டார். எட்டாவது பையன், “இன்னும் தெரியலைங்க, ஐப்பசியில மறுபடி அளந்து சொல்றோம்” என்றான். குடிநீர்ச் சோதனைப் பெட்டி வைத்துத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி எடுத்த பெண்கள் ஐந்து பேர் எங்கள் ஊராட்சியிலும் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேர் அடுத்த சனிக்கிழமை திண்ணைக்கு வருகிறார்கள். மழைநீரை ஒரு பொதுக் கிணற்றில் இறக்கப் பேசியிருக்கிறோம், கூரையை அளந்தாகிவிட்டது: 84 சதுர மீட்டர்.

இப்போது இங்கே இருப்பவர்களிடம் ஓர் உதவி. அணைக்கு முன்னால் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று அந்தப் பெண் விடாமல் கேட்கிறாள். 1992-க்கு முன் ஆற்றோரக் கிணறு எதையாவது மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்த சீட்டு உங்கள் வீட்டுப் பெட்டியிலோ பரணிலோ கிடந்தால், அதில் மின்கடத்துதிறன் என்று ஒரு எண் இருக்கும். பேரை மறைத்துவிட்டு, ஆற்றிலிருந்து சுமார் எவ்வளவு தூரம் என்று மட்டும் குறித்துப் படம் எடுத்துப் போடுங்கள். கோட்டுப்படத்தில் அதற்குப் பச்சைப் புள்ளி என்று பேனாவை எடுத்து வைத்திருக்கிறாள்.